நம் பிள்ளைக்கு வந்த வேலை யாருடைய வேலை?



பெருநாள் நெருங்கும்போது புறக்கோட்டை நடைபாதையிலும் ஊர்ச் சந்தைகளிலும் ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்பு என்று கூவி விற்பார்கள். நீங்களும் வாங்கியிருப்பீர்கள். மகனுக்கு ஒரு ஷேர்ட், அவருக்கு ஒரு களிசான். நல்ல துணி, குறைந்த விலை. அநேகமாகக் கழுத்துப் பட்டியிலுள்ள பெயர்த் துண்டைக் கத்தரித்திருப்பார்கள். கத்தரிக்குத் தப்பிய ஒன்றைப் பார்த்தால், மேலே ஒரு வெளிநாட்டுக் கடையின் பெயரும் கீழே ‘இலங்கையில் தயாரிக்கப்பட்டது’ என்ற வரியும் இருக்கும்.

அந்த வரியைக் கண்டு நாம் மகிழ்கிறோம், மகிழ்வதில் தவறில்லை. இந்நாட்டில் இலட்சக் கணக்கான வீடுகளில் அந்த ஒரு வரியால்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் அந்த வெளிநாட்டுக் கடைகள் நேற்று முளைத்தவையல்லவே! நூறு வருடம், நூற்றைம்பது வருடம் பழமையானவை அவற்றில் உண்டு. நம் பிள்ளைகள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார முன்னர் அவர்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தது யார்? அந்தக் கைகள் பிறகு என்ன செய்தன? இந்தக் கேள்வியை நாம் கேட்பதேயில்லை. கேட்டுப் பார்த்தால் நமது வீட்டுக்கு வேண்டிய செய்தி அதில் இருக்கிறது.

லீவைஸ் என்ற பெயரை உங்கள் வீட்டு இளைஞர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். 1853 இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கிய கம்பனி. டெனிம் களிசானை உலகத்துக்குப் பழக்கியது அதுதான். அமெரிக்காவின் தெற்கே, டெக்ஸாஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ என்ற நகரில் அதற்கு ஒரு தையல் ஆலை இருந்தது. 1,100 க்கும் அதிகமானோர் அங்கே வேலை செய்தார்கள். பெரும்பாலோர் மெக்ஸிக்கோ வம்சாவளிப் பெண்கள். பலருக்கு வீட்டு மொழி ஸ்பானியம், ஆங்கிலம் அரைகுறை. நமது ஆலைகளில் போலத்தான் அங்கும் வேலை பிரிந்திருந்தது. ஒருத்தி பொக்கட் மட்டும் தைப்பாள், ஒருத்தி ஸிப் மட்டும் வைப்பாள். பத்து வருடம், பதினைந்து வருடம் அதே கதிரை, அதே மெஷின்.

1990 ஜனவரி 16 ஆம் திகதி, ஆலையை மூடப் போகிறோம் என்று கம்பனி அறிவித்தது. வேலை மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்டாரிக்கா என்ற சிறிய நாட்டுக்குப் போகிறது. காரணம் எளிது. சான் அந்தோனியோவில் ஒரு பெண்ணுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொடுத்த கூலிக்கு, கொஸ்டாரிக்காவில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் தைக்க ஆள் கிடைத்தது. கம்பனி நட்டத்தில் ஓடவில்லை என்பதையும் கவனியுங்கள். அது நல்ல இலாபத்தில் இருந்த காலம்.

சட்டப்படி 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். கம்பனி 90 நாள் கொடுத்தது. சட்டத்தை மீறியதாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் நாற்பத்தைந்து, ஐம்பது வயதில், ஒரு பொக்கட் தைக்க மட்டும் தெரிந்த பெண் 90 நாளில் என்ன ஆகிவிடுவாள்? மறுபயிற்சி என்று வகுப்புகள் வைத்தார்கள். அவை எங்களுக்கு வேலை எடுத்துத் தரவில்லை என்று அந்தப் பெண்கள் முறையிட்டார்கள்.

அவர்கள் அழுதுவிட்டுக் கலைந்துபோகவில்லை. ‘ஃபுவெர்ஸா யுனிடா’ என்ற பெயரில் சங்கம் அமைத்தார்கள். ‘ஒன்றுபட்ட பலம்’ என்று பொருள். நட்டஈடும் ஓய்வூதியமும் கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். 1993 இல் அது தள்ளுபடியானது. 1994 இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் கம்பனித் தலைமையகத்தின் முன்னால் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்கு முன் தம் ஊரை விட்டு வெளியே போயறியாத குடும்பப் பெண்கள் அவர்களில் இருந்தார்கள். ஆலை திரும்பி வரவில்லை. 1999 இல் அதே கம்பனி வட அமெரிக்காவில் மேலும் 11 ஆலைகளை மூடுவதாக அறிவித்தது; 5,900 பேருக்கு வேலை போனது. 2004 ஜனவரியில் சான் அந்தோனியோவில் இருந்த அதன் கடைசித் தையல் ஆலையும் நின்றது. அத்துடன் அமெரிக்க மண்ணில் அந்தக் கம்பனிக்குச் சொந்தமாக ஒரு தையல் ஆலைகூட இல்லாமல் போயிற்று.

ஒரு கம்பனியின் கதை மட்டுமல்ல இது. 1990 அளவில் அமெரிக்காவில் உடுப்புத் தைக்கும் தொழிலில் ஏறத்தாழ 9 இலட்சம் பேர் இருந்தார்கள். இன்று ஒரு இலட்சமும் இல்லை.

எழுதாத ஒப்பந்தம்

இதைவிட நமக்குக் கிட்டிய கதை பிரித்தானியாவில் நடந்தது. மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் என்பது அந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் கடை. தாம் விற்கும் உடுப்பில் பத்தில் ஒன்பது பங்கு உள்நாட்டிலேயே தைத்தது என்று பல தசாப்தங்கள் பெருமையாகச் சொல்லி வந்தவர்கள். அந்தக் கடைக்கு ஏறத்தாழ முப்பது வருடம் தைத்துக் கொடுத்த கம்பனி வில்லியம் பெயர்ட். 1999 ஒக்டோபரில் ஒரு நாள், இந்தப் பருவத்தோடு உங்களிடம் வாங்குவதை நிறுத்துகிறோம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். 16 ஆலைகள், நாலாயிரத்துக்கும் அதிகமான வேலைகள். மற்றக் கடைகள் வெளிநாட்டில் மலிவாகத் தைத்து விலையைக் குறைத்துவிட்டன. இவர்களும் போக வேண்டியதாயிற்று என்பது அவர்கள் பக்க நியாயம்.

பெயர்ட் கம்பனி வழக்குப் போட்டது. முப்பது வருட உறவு, இப்படித் திடீரென்று வெட்டலாமா என்று கேட்டது. 2001 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைக் கேளுங்கள். நீண்ட காலம் வாங்கினீர்கள், விற்றீர்கள் என்பது உண்மைதான். ஆனால் இனியும் வாங்குவோம் என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எங்கே? இல்லையே! இதுதான் தீர்ப்பின் சாரம். முப்பது வருட நட்புக்கு நீதிமன்றத்தில் பெறுமதி இல்லாமல் போயிற்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி நமது மார்க்கம் ஏன் அத்தனை வலியுறுத்துகிறது என்பதற்கு வகுப்பில் நான் உதாரணம் தேடுவதுண்டு. இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த வேலை எங்கே போயிற்று? மொரோக்கோவுக்கு, துருக்கிக்கு, கிழக்கு ஐரோப்பாவுக்கு. நமக்கும் வந்தது. பிரித்தானியாவின் பெரிய துணிக் கம்பனிகளில் ஒன்றான கோர்ட்டோல்ட்ஸ், 1993 இல் பன்னலையில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஒரு உள்ளாடை ஆலையை நிறுவியது. பிற்பாடு, 2008 இல், மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சருக்கென்றே துல்ஹிரியவில் ஒரு ‘பசுமை ஆலை’ திறந்தார்கள். அங்கே வேலைக்குப் போன பிள்ளைக்கு, தனக்கு முன் அந்தக் கடைக்குத் தைத்த பிரித்தானியப் பெண்களைத் தெரியாது. அவர்களுக்கு இவளையும் தெரியாது.

இதனால் நாம் யாருடைய பிழைப்பையோ பறித்துவிட்டோம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலையை எடுத்துக்கொண்டு போனதும், இங்கே கொண்டுவந்து வைத்ததும் நம் பிள்ளைகள் அல்ல. ரிஸ்க் எந்த வழியாலும் வரும்; நேர்மையாக உழைத்து வாங்கிய கூலி ஹலாலானது. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வந்த வழியைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் வந்த வழியாலேயே அது போகவும் கூடும்.

இலங்கைக்குத் தையல் வேலை எப்படி வந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. நம் கைத்திறனைக் கேள்விப்பட்டு ஓடி வந்தார்கள் என்று நினைக்கிறோம். கதை அதுவல்ல. 1974 இல் பணக்கார நாடுகள் தங்கள் தையல் தொழிலைப் பாதுகாக்க ஒரு ஏற்பாடு செய்தன. எந்த நாட்டிலிருந்து எத்தனை உடுப்பு உள்ளே வரலாம் என்று பங்கு வைத்தார்கள். ‘கோட்டா’ என்பது இதுதான். ஹொங்கொங் போன்ற இடங்களின் பங்கு நிரம்பிவிட்டது. பங்கு மிச்சமிருந்த நாடுகளைத் தேடி அந்த முதலாளிமார் புறப்பட்டார்கள். இங்கே 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. பிறகு பியகம, கொக்கல. 1992 இல் ஜனாதிபதி பிரேமதாச கிராமங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1980 களின் பிற்பகுதியிலேயே உடுப்பு தேயிலையை முந்தி நாட்டின் முதல் ஏற்றுமதியாகிவிட்டது. ஆகவே, அந்த நாட்டுப் பெண்களின் வேலையைக் காப்பாற்றப் போட்ட வேலிதான் நமக்கு வாசலாக அமைந்தது! வேடிக்கைதான்.

அதே 1977 நமது கிழக்கு மாகாணத்துக்கு வேறொரு முகத்தைக் காட்டியது என்பதை மருதமுனைச் சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். இறக்குமதிக் கதவு திறந்ததும் வெளிநாட்டு மலிவுத் துணி வந்து குவிந்தது, கைத்தறி தளர்ந்தது. தெருவெல்லாம் கேட்ட தறிச் சத்தம் குறைந்துபோனதைப் பெரியவர்கள் இன்றும் கதைப்பார்கள். வேலை கப்பலேறிப் போவதும், துணி கப்பலில் வந்து இறங்குவதும் இரண்டு வேறு விடயங்கள்தான். ஆனால் தறிக்காரர் வீட்டு உம்மாவுக்கு இரண்டும் ஒன்றே. அதனால்தான் சான் அந்தோனியோப் பெண்களின் கதை நமக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

இலாபம் சிதறும், நட்டம் குவியும்

பொருளாதாரம் படித்தவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். மலிவான நாட்டில் தைத்தால் உடுப்பு விலை குறைகிறது. கோடிக் கணக்கானோர் பயனடைகிறார்கள். ஏழை நாட்டுப் பெண்ணுக்குக் கையில் காசு வருகிறது. வேலை இழந்தவர் நாளடைவில் வேறு நல்ல வேலைக்குப் போய்விடுவார் என்பார்கள். இதில் முதல் மூன்றும் உண்மை. நாலாவதில்தான் பிரச்சினை. டேவிட் ஓட்டர் என்ற அமெரிக்கப் பொருளியலாளரும் இன்னும் இருவரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, சீனப் பொருட்களின் போட்டியால் ஆலைகள் அடிபட்ட பிரதேசங்களைப் பார்த்தது. வேலை இழந்தவர்கள் எளிதில் வேறு வேலைக்கோ வேறு ஊருக்கோ நகரவில்லை. வருடக் கணக்காக அந்தப் பிரதேசங்கள் எழும்பவில்லை என்று அது காட்டியது.

ஏன் அப்படி? இலாபம் கோடிப் பேருக்குச் சல்லி சல்லியாகப் பிரிந்து போகிறது. ஒரு ஷேர்ட்டில் இரண்டு டொலர் மிச்சம் பிடித்தவருக்கு அது நினைவிலும் இருக்காது. நட்டமோ ஒரு ஊரில், ஒரு தெருவில், ஒரு வீட்டுக் குசினியில் மொத்தமாக வந்து இறங்குகிறது. இலாபம் பெற்ற கோடிப் பேரிடமிருந்து கொஞ்சத்தை எடுத்து நட்டமடைந்த வீட்டுக்குக் கொடுத்திருந்தால் கணக்குச் சரியாக வந்திருக்கும். அமெரிக்காவில் அதற்கென்று 1962 இல் ஒரு உதவித் திட்டம் உண்டாக்கினார்கள். மறுபயிற்சி, உதவித் தொகை எல்லாம் அதில் இருந்தது. ஆனால் அது தேவைக்குப் போதுமானதாக ஒருபோதும் இருக்கவில்லை. 2022 இல் அதன் காலமும் முடிந்து, புதிய விண்ணப்பங்கள் நின்றுபோயின.

கேட்காத முறைப்பாடு எங்கேயாவது போய் வெடிக்கும். 2025 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், வேலைகளை நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று சொல்லி உலகமெங்கும் இறக்குமதித் தீர்வையை அறிவித்தார். இலங்கைக்கு 44 வீதம்! நம் நாட்டு உடுப்புக்கு அமெரிக்காதான் தனியொரு நாடாகப் பெரிய சந்தை. அந்த நாட்களில் ஆலைகளில் இருந்த பதற்றம் உங்களுக்கு நினைவிருக்கும். பேசிப் பேசி ஓகஸ்ட்டில் அது 20 வீதமாகக் குறைந்தது. இதனால் சான் அந்தோனியோவில் மெஷின்கள் திரும்ப ஓடப் போவதில்லை. அந்தப் பெண்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஆனால் முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு ஊர்ப் பெண்களுக்குச் செய்யாத நியாயத்தின் விலையை, சம்பந்தமேயில்லாத கட்டுநாயக்கப் பிள்ளையிடம் கேட்கிறார்கள்.

இனி, போகும் வழியைப் பார்ப்போம். கோட்டா முறை 2004 டிசம்பரோடு முடிந்தது. நமது தொழில் அத்துடன் அழிந்துவிடும் என்றார்கள். அழியவில்லை. பெரிய கம்பனிகள் சாதாரண உடுப்பை விட்டு நுணுக்கமான வேலைக்கு மாறிப் பிழைத்துக்கொண்டன. கிராமத்துச் சிறிய ஆலைகள் பல பிழைக்கவில்லை. மூடிக் கிடந்த கட்டடங்களை நீங்கள் வழியில் கண்டிருப்பீர்கள். ஐரோப்பா தந்த ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010 இல் போயிற்று, 2017 இல் வந்தது. பங்களாதேஷிலும் வியட்நாமிலும் இதே உடுப்பைத் தைக்கக் கோடிக் கைகள் காத்திருக்கின்றன.

2025 மே மாதம் கட்டுநாயக்கவில் நடந்தது அண்மைய பாடம். நெக்ஸ்ட் என்ற பிரித்தானியக் கடையின் ஆலை அங்கே வலயம் தொடங்கிய காலத்திலிருந்தே ஓடியது. அதை மூடுகிறோம் என்று கம்பனி ஒருநாள் அறிவித்தது. 1,400 க்கும் அதிகமானோருக்கு வேலை இல்லை. பலர் அதைத் தெரிந்துகொண்டது தொலைபேசிக்கு வந்த செய்தியால்! செலவு கட்டுப்படியாகவில்லை என்பது காரணம். 1990 இல் சான் அந்தோனியோவில் சொன்ன காரணமும் இதே கணக்கில்தான் போய் முடிகிறது. அந்தப் பெண்களுக்கு 90 நாளாவது கிடைத்தது.

கொஸ்டாரிக்காவை மறந்துவிடக் கூடாது. சான் அந்தோனியோவின் வேலையை வாங்கிக்கொண்ட அந்த நாட்டிலும் தையல் நிலைக்கவில்லை. 2000 க்குப் பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஆனால் அவர்கள் ஊசியை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 1948 இல் இராணுவத்தையே கலைத்துவிட்டு அந்தக் காசைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் திருப்பிய நாடு அது. படித்த பிள்ளைகள் இருந்ததால் வேறு தொழில்கள் வந்தன. இன்று அவர்களது முதன்மையான ஏற்றுமதி மருத்துவ உபகரணங்கள். தாய் களிசான் தைத்தாள். மகள் இருதய வைத்தியத்துக்கான கருவி செய்கிறாள் என்று சொல்லலாம். நாடு செய்ததை வீடும் ஓரளவு செய்ய முடியும்.

மகளை அனுப்பலாமா?

என்னிடம் ஓதும் பிள்ளைகளின் உம்மாமார் சிலர் இதைக் கேட்பதுண்டு. “மௌலவி, மூத்தவளைக் கார்மன்ட்ஸுக்கு அனுப்பலாமா? போர்டிங்கில்தான் தங்க வேண்டும், ஊரில் பேசுவார்கள்” என்பார்கள். ஊர் பேசுவதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. தகப்பன் இல்லாத வீட்டுக்கு அரிசி அனுப்பாத ஊர், அந்த வீட்டுப் பிள்ளை உழைக்கப் போகும்போது மட்டும் வாய் திறப்பது அழகல்ல. தங்கும் இடம், போக்குவரத்து, தொழுகைக்கு வசதி எல்லாம் தாய் தகப்பன் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை. அவற்றைப் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் கேட்காத வேறு சில விடயங்களைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

அந்தச் சம்பளத்தை நிரந்தரம் என்று எண்ணி வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள். பத்து வருடத் தவணைக்குக் கடன் எடுத்து, மகளின் சம்பளம் வரும்தானே என்று நினைக்க வேண்டாம். வரலாம், வராமலும் போகலாம். அதைக் கொண்டு தம்பி தங்கையைப் படிப்பிக்கலாம். முடிந்தால் அவளையும் ஒரு லைனில் ஒரு வேலையோடு நின்றுவிடாமல் முழு உடுப்பையும் வெட்டித் தைக்க, மெஷின் திருத்த, தரம் பார்க்கப் பழகச் சொல்லுங்கள். ஸிப் மட்டும் வைக்கத் தெரிந்தவள் ஆலை மூடிய அன்றே தொழில் இல்லாதவளாகிவிடுவாள்.

அவள் எந்தப் பெயரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று கேளுங்கள். ஆலையின் நேரடித் தொழிலாளியா, ‘மேன்பவர்’ என்ற தரகுக் கம்பனியின் ஆளா? ஒரே மெஷின், ஒரே வேலைதான். ஆனால் மூடும் நாளில் இந்த வித்தியாசம் பெரிது. தரகுக் கம்பனியின் ஆளுக்கு, உன்னை எங்களுக்குத் தெரியாது என்று ஆலை சொல்லிவிடலாம்.

நமது நாட்டுச் சட்டம் இந்த விடயத்தில் அமெரிக்காவைவிட இறுக்கமானது என்பது பலருக்குத் தெரியாது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில், தொழிலாளியின் ஒழுக்கக் குற்றம் காரணமாக அல்லாமல் அவரை நிறுத்துவதென்றால் ஒன்றில் அவரது எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஆணையாளர் அனுமதித்தால் நட்டஈடும் தீர்மானிப்பார். முதல் ஐந்து வருட சேவைக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாம் வருடத்திலிருந்து பதினான்காம் வருடம்வரை வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளம், அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும். உச்ச எல்லை 2021 இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. கணக்குக்காக மகளின் சம்பளம் 30,000 ரூபா என்று வையுங்கள். பத்து வருட சேவை. இருபத்திரண்டரை மாதச் சம்பளம், அதாவது 6 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா.

‘எழுத்து மூலமான சம்மதம்’ என்று சொன்னேனே, விடயம் அங்கேதான் இருக்கிறது. ஆலை மூடும் நாளில் அவசர அவசரமாக ஒரு கடதாசியை நீட்டி, இதில் ஒப்பமிட்டால் இன்றே ஒரு தொகை கிடைக்கும் என்பார்கள். கடதாசி ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் இருக்கும். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பிள்ளை, மற்றவர்கள் போடுகிறார்களே என்று தானும் ஒப்பமிடும். அது சுயவிருப்ப இராஜினாமா என்று இருந்தால் மேலே சொன்ன கணக்கைக் கேட்பது மிகவும் சிரமமாகிவிடும். ஆகவே மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: வாசித்து விளங்காத எதிலும் ஒப்பமில்லை, பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவா. ஊரில் படித்தவர் ஒருவரிடம், தொழிற்சங்கத்திடம் அல்லது தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் காட்டி விளக்கம் கேட்கலாம். அங்கே கேட்பதற்குக் காசு இல்லை.

இந்த நட்டஈட்டைத் தவிர, ஐந்து வருடம் முடித்தவருக்கு 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு அவளது சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். திருமணம் முடித்து வேலையை விடும் பெண்ணுக்குச் சேமலாப நிதியை அப்போதே எடுக்க உரிமை இருக்கிறது. நமது பிள்ளைகளில் எத்தனையோ பேர் கலியாணத்தோடு வேலையை விட்டு வந்து, இந்தக் காசைக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். அது யாரும் தரும் தர்மமல்ல, அவள் உழைத்த காசு. பத்து வருடத்துக்கு முன் வேலையை விட்டவராக இருந்தாலும், கணக்கு இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

நியமனக் கடிதம், சம்பளத் துண்டுகள், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் எல்லாவற்றையும் பிறப்புச் சான்றிதழ் வைக்கும் அதே கோப்பில் போட்டு வையுங்கள். பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். நமது பெயர்களை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதும்போது ஒவ்வொரு கந்தோரில் ஒவ்வொரு மாதிரி விழுந்துவிடுகிறது. அடையாள அட்டையில் பாத்திமா றிஸ்னா, சம்பளத் துண்டில் எம்.எப். ரிஷ்னா என்றிருந்தால், ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது அலுவலகத்துக்குப் போய்த் திருத்துவது ஒரு நாள் வேலை. ஆலைக் கதவில் பூட்டு விழுந்த பிறகு அதைத் திருத்தித் தர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இந்த மாதச் சம்பளத் துண்டு வந்ததும் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள்.